வருகைப்பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் நான் குடியிருக்கும் பகுதியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் மகள் ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வயது 15. சில ஆண்டுகளாகவே பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்து படிப்பவள். கோப்புக்குள் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. புள்ளியியல் அறிமுகம், உயிரணுவியல், வானியல் என மூன்று இணையவழிப் பாடங்களை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்திருக்கிறாள். புள்ளியியல் பாடத்துக்கு அவள் எழுதிய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என்னிடம் முதுகலை ஆய்வேடு சமர்ப்பிக்கும் சிலரைவிட அவளுக்குத் திட்டவிலக்கம் நன்றாகப் புரிந்திருந்தது.

பதினோராம் வகுப்பில் சேர்வதற்கு ஒரு பள்ளியில் விசாரித்திருக்கிறார்கள். அலுவலக எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, "கடைசியாகப் படித்த பள்ளி" என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாராம். சான்றிதழ்களை அவர் பார்க்கவேயில்லை. அவற்றை வைப்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை என்பதால் அவர் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"அக்கா, இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?" என்று கேட்டாள்.

தேர்வுகளின் வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டு ஆவணக் காப்பகத் தூசியில் காலம் கழிக்கும் எனக்கு, அவள் கேள்வி அவள் நினைத்ததைவிடப் பழையதாகத் தோன்றியது. வீட்டில் கற்றதை யார், எதைக் கொண்டு, எந்த அலகில் அளந்து ஏற்பது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 160 ஆண்டு வரலாறு உண்டு. அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் "கிரெடிட்" என்ற சொல். மதிப்பலகு, நற்புள்ளி என்று தமிழாக்கங்கள் உலவினாலும், அவள் சொன்ன "கணக்கில் சேர்வது" என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட் என்ற கருத்து அமெரிக்காவுக்குரியது. அது பிறந்த கதையும் விசித்திரமானது. ஆண்ட்ரூ கார்னகி 1905இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென ஒரு கோடி டாலர் வழங்கினார். எந்த நிறுவனத்தைக் கல்லூரி என்று ஏற்று ஓய்வூதியம் தருவது என்ற கேள்வி எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் முடித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனமே கல்லூரி என்று அந்த அறக்கட்டளை வரையறுத்தது. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தை ஓராண்டு முழுவதும், ஏறத்தாழ 120 மணி நேரம், வகுப்பில் படிப்பது. முதியவர்களின் ஓய்வூதியக் கணக்கிலிருந்துதான் சிறுவர்களின் படிப்பை அளக்கும் படி உருவானது! படிப்பு மணிக்கணக்காக மாறிவிட்டபின், அந்த மணிகளைப் பள்ளிக்கு வெளியிலும் செலவிடலாமே என்ற வாதத்துக்கும் வழி பிறந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1929இலேயே உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை அஞ்சல் வழியாக நடத்தத் தொடங்கியது. இன்று அங்கே பல மாநிலங்களில் பெற்றோரே தம் பிள்ளை முடித்த இணையவழிப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் எழுதி மதிப்பெண் பட்டியல் தயாரிக்க முடிகிறது.

இந்தியா வேறு பாதையில் வந்தது. 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கை பரிந்துரைத்ததும், 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தோன்றியதும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள். அவை வகுப்பு நடத்தவில்லை; தேர்வு நடத்தின. கல்கத்தாவின் முதல் நுழைவுத் தேர்வை 1857இல் எழுதியவர்கள் 244 பேர். ஒருவன் எத்தனை மணி நேரம் பெஞ்சில் அமர்ந்திருந்தான் என்பது இந்த முறையில் இரண்டாம்பட்சம். மூன்று மணி நேரத்தில் தாளில் என்ன எழுதினான் என்பதே முதன்மை. மனப்பாடத்தையும் டியூஷனையும் நமக்குச் சீதனமாகத் தந்தது இந்த முறைதான் என்று ஏசுகிறோம். ஏச்சில் நியாயமும் இருக்கிறது. ஆனால், வீட்டிலிருந்து கற்பவருக்கு ஒரு சன்னலைத் திறந்து வைத்ததும் இதே முறைதான். எங்கே படித்தாலும் தேர்வுக்கூடத்துக்கு வந்து எழுதலாம் என்ற சாத்தியம் அதற்குள்ளேயே பொதிந்திருந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நாம் "தனித்தேர்வர்" என்று அழைப்பவரின் மூதாதை இங்கேதான் பிறந்தார்.

சாத்தியம் இருந்தது என்பதால் அனுமதியும் இருந்தது என்று கொள்ள வேண்டாம். டேராடூனில் படித்த சந்திரமுகி போஸ் 1876இல் கல்கத்தா நுழைவுத் தேர்வை எழுத விரும்பினார். பல்கலைக்கழக விதிகளில் பெண் என்ற சொல்லே இல்லை. நீண்ட தயக்கத்துக்குப் பிறகு கிடைத்த அனுமதி வினோதமானது: தேர்வை எழுதலாம், விடைத்தாள் திருத்தப்படும், ஆனால் தேர்ச்சிப் பட்டியலில் பெயர் இடம்பெறாது. அவர் தேறியது எல்லோருக்கும் தெரியும்; பட்டியலுக்கு மட்டும் தெரியாது. ஈராண்டுகளுக்குள் பல்கலைக்கழகம் மனம் மாறியது. 1878இல் காதம்பினி முறைப்படி எழுதித் தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிப்போனது. 1883இல் இருவரும் ஒன்றாகப் பட்டம் பெற்றார்கள். காதம்பினியின் பெயர் பாடநூல்களில் ஏறிவிட்டது. எனக்கோ சந்திரமுகியின் 1876தான் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது. கற்றல் உண்மை, தேர்வு உண்மை, பதிவு மட்டும் இல்லை. என் முன் கோப்புடன் அமர்ந்திருந்த பெண்ணின் நிலை அதற்கு ஒரு படி முந்தையது: அவளுக்குத் தேர்வே இன்னும் கிடைக்கவில்லை.

சந்திரமுகிக்கும் முன்பே வங்காளத்தில் வீட்டுக்குள் கல்வியைக் கொண்டுசெல்ல நடந்த முயற்சியைக் கல்வி வரலாற்று நூல்கள் போகிற போக்கில்தான் குறிப்பிடுகின்றன. 1863இல் உமேஷ் சந்திர தத்தரும் அவருடைய பிரம்ம சமாஜ நண்பர்களும் தொடங்கிய "பாமாபோதினி பத்ரிகா" என்ற மாத இதழ், அந்தப்புரத்தைவிட்டு வெளியே வர இயலாத பெண்களுக்காகவே நடத்தப்பட்டது. இலக்கணம், புவியியல், வரலாறு, அறிவியல், இல்லப் பராமரிப்பு எனப் பாடங்கள் தொடராக வந்தன. அதோடு நிற்கவில்லை. அந்தப்புரக் கல்விக்கென ஆண்டு வாரியாக ஒரு பாடத்திட்டம் வகுத்தார்கள், தேர்வு வைத்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். அஞ்சல்வழிக் கல்வி 1960களில் நம் நாட்டுக்கு வந்தது என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த இதழ் என் நினைவுக்கு வரும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சிறு குழு அரசு உதவியோ பல்கலைக்கழக ஆதரவோ இன்றி அதைச் செய்து பார்த்துவிட்டது.

அந்தத் தேர்வு எந்தக் கணக்கில் சேர்ந்தது? எந்தக் கணக்கிலும் இல்லை. வேலைக்கோ கல்லூரிக்கோ அது பயன்பட வேண்டும் என்று அவர்களும் எண்ணவில்லை. பரிசாகக் கிடைத்த புத்தகமும், இதழில் அச்சான பெயருமே அதன் பயன். இன்னொரு சிக்கலும் அப்போதே தலைகாட்டுகிறது. வீட்டுக்குள் தேர்வு நடந்தால் கண்காணிப்பவரும் வீட்டாரே. எழுதியது மனைவியா, கணவரா என்று எப்படி அறிவது? இன்று கணினியின் கண்ணை மாணவரின் முகத்தில் பதித்து, அவர் பார்வை விலகினால் எச்சரிக்கை ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் எல்லாம் இதே ஐயத்துக்கு விடை தேடுகின்றன. 160 ஆண்டுகளில் கருவி வளர்ந்தது. ஐயம் அப்படியே நிற்கிறது.

கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் பள்ளி, கல்லூரிகள் மீதான பிடியை இறுக்கியது. அங்கீகாரம் பெற்ற பள்ளி என்ற கருத்து வலுத்தது. பள்ளி வழியாக வராதவர் ஐயத்துக்குரியவர் ஆனார். ஆயினும் ஆசிரியர்களுக்கும் பெண்களுக்கும் பல இடங்களில் விலக்கு தொடர்ந்தது. இந்த விலக்கைப் பற்றிக்கொண்டு ஒரு தனி மனுஷி என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதில் மயிலாப்பூருக்கும் பங்குண்டு.

துர்காபாய் தேஷ்முக் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். விடுதலைக்குப் பின் படிப்பைத் தொடர விரும்பியபோது, பள்ளிப் பெஞ்சில் அமரும் வயது கடந்திருந்தது. காசி இந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியாகப் படித்து எழுதித் தேறினார். பிறகு பட்டம், சட்டப் படிப்பு, அரசியல் நிர்ணய சபை என அவர் வாழ்க்கை எல்லோரும் அறிந்ததே. என் கவனம் அவர் நடுவில் செய்த ஒரு காரியத்தின் மீது. 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கியவர், தாம் ஏறிவந்த ஏணியை மற்றவர்களுக்கும் சாத்தி வைத்தார். இளவயதில் மணமானவர்கள், கைம்பெண்கள், படிப்பு நின்றுபோனவர்கள் ஆகியோரைத் திரட்டி, காசியின் மெட்ரிகுலேஷனுக்குத் தயார்செய்யும் வகுப்புகளை நடத்தினார். சென்னையில் படிப்பு, காசியில் சான்று! அருகிலிருந்த கதவு திறக்காதபோது நாட்டின் மறுகோடியிலிருந்த கதவைத் தட்டிய இந்தச் சாமர்த்தியத்தை, இன்று வேறு நாட்டுத் தேர்வு வாரியத்தில் பதிவு செய்யும் வீட்டுக்கல்விக் குடும்பங்களின் செய்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு வேறுபாடு உண்டு. அன்று காசிக்குச் செல்ல ஏழைக் கைம்பெண்ணாலும் முடிந்தது. இன்று பன்னாட்டு வாரியத்தின் தேர்வுக் கட்டணம் யாரால் கட்டக்கூடியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விடுதலைக்குப் பின் மத்திய சமூக நல வாரியத்தின் தலைவராக, 1958இல் வயதுவந்த பெண்களுக்கான "சுருக்கக் கல்வி"த் திட்டத்தை அவர் கொண்டுவந்தார். பல ஆண்டுப் பாடத்தை ஈராண்டில் முடித்து மெட்ரிகுலேஷன் எழுத வைக்கும் திட்டம் அது. அமெரிக்கக் கிரெடிட் மணிகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், மணியைச் சுருக்கினாலும் கல்வி சுருங்காது என்று ஓர் அரசுத் திட்டமே ஒப்புக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய விலக்கின் எச்சம் ஒன்றை மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வு விதிகளில் பார்க்கலாம். தோல்வியுற்றவர்கள் அல்லாமல் யார் தனித்தேர்வராக எழுதலாம் என்ற பிரிவில், தில்லியில் வசிக்கும் பெண்களுக்குத் தனி அனுமதி உண்டு. ஆண் பிள்ளைக்கு அது இல்லை. இன்றைய வாசகருக்குப் புதிராகத் தோன்றும் இந்த வரி, அந்தப்புரத்துக்கும் தேர்வுக்கூடத்துக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் போடப்பட்ட நடைபாதையின் மிச்சம் என்பதே என் கருத்து. விதிநூல்களைத் தொல்லியலாளரைப் போலவும் வாசிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு; அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரவீந்திரநாதரைத் தொடாமல் வீட்டுக்கல்வியைப் பற்றி எழுத முடியாது. பள்ளிகள் பலவற்றில் சேர்க்கப்பட்டு எதிலும் நிலைக்காமல் வீட்டு ஆசிரியர்களிடம் படித்தவர் அவர். இலண்டனுக்கு அனுப்பப்பட்டும் பட்டமின்றித் திரும்பினார். ஆனால் மேற்கோள்களில் வரும் அந்தத் தாகூரைவிட, 1930களின் பிற்பகுதியில் விசுவபாரதியில் "லோக சிட்சா சம்சத்" என்ற அமைப்பை ஏற்படுத்திய தாகூரே நம் பொருளுக்கு நெருக்கமானவர். பள்ளிக்கு வர இயலாதோர் தம் வீட்டிலிருந்தே தாய்மொழியில் படித்துத் தேர்வு எழுதிச் சான்று பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். சும்மா தேர்வு வைத்தால் போதாது, படிக்க நூல் வேண்டும் என்பதால் ஒரு நூல் வரிசையும் தொடங்கினார்கள். 1937இல் வெளிவந்து சத்யேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட "விசுவ பரிசய்" என்ற தாகூரின் அறிவியல் நூல் அந்த வரிசையைச் சேர்ந்தது. கவிஞர் எழுபத்தாறு வயதில் அணுவையும் விண்மீனையும் பற்றிப் பாடம் எழுதியது, முன்பின் பார்த்திராத வீட்டுக்கல்வி மாணவருக்காக என்பதை எண்ணிப் பாருங்கள்.

விடுதலைக்குப் பின் அரசு இந்தத் துறைக்குள் நுழைந்தது அஞ்சல் உறையின் வழியாக. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பள்ளி அளவில் மத்தியப் பிரதேச வாரியம் 1965இலும், தில்லியின் பத்ராசார் வித்யாலயா 1968இலும் தொடங்கின. அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் வரும், விடைகள் அஞ்சலில் போகும், ஆண்டு இறுதியில் மற்ற மாணவர் எழுதும் அதே தேர்வு. பாடத்திட்டமும் கால அட்டவணையும் பள்ளியினுடையவை. கட்டடம் மட்டும் இல்லை. இதை நான் பெரிய மாற்றமாகக் கருதவில்லை.

மாற்றம் 1979இல் வந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய "திறந்தநிலைப் பள்ளி", 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் 1989 நவம்பரில் தன்னாட்சி நிறுவனமாயிற்று. 1990 அக்டோபரில் மாணவரைப் பதிவு செய்யவும், தேர்வு நடத்தவும், சான்றளிக்கவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது. 2002இல் பெயர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று மாறியது. இன்றும் வீட்டில் கற்கும் பெரும்பாலான இந்தியச் சிறுவர்களுக்கு இதுவே வாசல்.

இந்த நிறுவனத்தின் விதிகளில் புரட்சிகரமானவை எவை என்று கேட்டால், பலர் "வகுப்புக்குப் போக வேண்டாம்" என்பதைச் சொல்வார்கள். அது அஞ்சல்வழியிலும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் தேற வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டு செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் எனத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை வரும். மொத்தம் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். தேறாததை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். வேறு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் ஏற்கெனவே தேறியிருந்தால் இரண்டு பாடங்கள் வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் மாணவர் தாம் தயாரானபோது ஒரு பாடத்தை மட்டும் எழுதும் "வேண்டும்போது தேர்வு" முறையும் சேர்ந்தது. ஓர் ஆண்டு, ஒரு வகுப்பு, ஒரு தேர்ச்சி என்று முழுதாகக் கட்டப்பட்டிருந்த மூட்டையை இந்த விதிகள் பாடம் பாடமாக அவிழ்த்துவிட்டன. பெயர் வேறாக இருந்தாலும் இந்தியப் பள்ளிக் கல்விக்குள் கிரெடிட் நுழைந்தது இங்கேதான். கணித ஆசிரியரிடம் அடி வாங்கிப் பள்ளியை விட்ட ஓர் இளைஞர் மற்ற நான்கு பாடங்களையும் முதலில் முடித்துவிட்டு, கணிதத்துக்கு மட்டும் மூன்றாண்டு எடுத்துக்கொண்டு தேறியதைப் பார்த்திருக்கிறேன். இன்று அவர் ஒரு கடைக்குக் கணக்கெழுதுகிறார்.

ஆனால், சன்னலைத் திறந்த நாடே அதன் வழியாக உள்ளே வந்தவரைச் சந்தேகித்தது. 2018இல் மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை விதியில் செய்த திருத்தம், திறந்தநிலைப் பள்ளியில் தேறியவர்களையும் தனித்தேர்வர்களையும் நீட் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்றது. அந்த ஆண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. பொருளாதார, சமூகக் காரணங்களால் பள்ளிக்கு வெளியே படிக்க நேர்ந்தவர்களைத் தரம் தாழ்ந்தவர்கள் என முன்கூட்டியே முடிவுகட்ட இயலாது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2024இல்தான் விவகாரம் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஆறு ஆண்டுகள்! வழக்கு தொடங்கியபோது பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர், அது முடிந்தபோது மருத்துவப் படிப்பையே முடித்திருக்கலாம்.

கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரிகள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியைப் பதிவு செய்யவோ மேற்பார்வையிடவோ வழி எதையும் வகுக்கவுமில்லை. குழந்தைத் தொழிலாளர் முறை வேரோடியிருக்கும் நாட்டில் "பள்ளிக்குப் போகவில்லை" என்பதை அரசு ஐயத்தோடு பார்ப்பதை நான் குறை கூற மாட்டேன். வசதியுள்ள வீட்டின் சுதந்திரத்தைக் காக்கும் விதி, செங்கற்சூளையில் வேலை பார்க்கும் சிறுமியை மறைக்கும் திரையாகவும் ஆகக்கூடும். வீட்டுக்கல்வி ஆர்வலர்கள் இந்த அச்சத்தை எளிதாகக் கடந்து போவது எனக்கு உவப்பானதல்ல.

இணையவழிப் பாடங்களுக்கு வருவோம். 1961இல் தில்லிப் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள், 1975-76இல் செயற்கைக்கோள் வழிக் கல்விச் சோதனை, 2004இல் எடுசாட் எனப் படிப்படியாக வளர்ந்த ஒலிபரப்புக் கல்வி, 2017 ஜூலையில் "ஸ்வயம்" தளமாக உருவெடுத்தது. காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்ற நான்கு கூறுகள் கொண்ட பாடங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களும் அதில் உண்டு. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கல்லூரி மாணவருக்கு ஸ்வயம் பாடத்தைக் கிரெடிட்டாக ஏற்கும் ஒழுங்குமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழு, தளம் தொடங்கும் முன்பே, 2016இல் வெளியிட்டுவிட்டது. முதலில் 20 விழுக்காடு வரை. 2021இல் 40 விழுக்காடு வரை. பள்ளி மாணவருக்கு அத்தகைய ஒழுங்குமுறை உடன் வரவில்லை. பாடம் திறந்திருந்தது; கணக்கு மூடியே இருந்தது. தொழில்நுட்பத்தின் தாமதமாக இதைக் கொள்ள முடியாது. கல்லூரிக்குத் தன் மாணவரை மதிப்பிடும் அதிகாரம் உண்டு. பள்ளிக்கு அது வாரியத்திடம் இருக்கிறது. 1857இன் நிழல் இவ்வளவு நீளமானது.

இடையில் ஒரு நகைச்சுவையும் நடந்தது. 2022 ஆகஸ்டு இறுதியில் தில்லி அரசு நாட்டின் முதல் மெய்நிகர்ப் பள்ளி என்று அறிவித்து ஒன்றைத் தொடங்கியது. எங்களுடையது ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உடனே மறுத்தது. முதலாவது யார் என்ற சச்சரவைக் கேட்டால் பாமாபோதினிக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

2021ஐப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து திரையில் படித்தார்கள். வீட்டில் கற்றலுக்கும் பள்ளியில் கற்றலுக்கும் இடையிலான சுவர் இடிந்துவிட்டது என்று அப்போது எத்தனை கட்டுரைகள்! நானும் ஒன்று எழுதினேன். இப்போது வாசித்தால் கூசுகிறது. 2021 ஜூன் 1 அன்று மத்திய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. மதிப்பெண் எப்படி? பத்தாம் வகுப்பிலிருந்து 30 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளிலிருந்து 40 என்று சூத்திரம் வகுத்தார்கள். பள்ளிப் பதிவேடு உள்ளவருக்கு இது போதும். தனித்தேர்வருக்கு? அவருக்குப் பதினோராம் வகுப்புப் பள்ளி மதிப்பெண்ணும் இல்லை, திருப்புதல் தேர்வும் இல்லை. அவரிடம் இருந்த ஒரே நாணயம் தேர்வு. அதைத்தான் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். மற்றவர்கள் ஜூலை இறுதியில் முடிவு பெற்றுக் கல்லூரி தேடிக்கொண்டிருக்க, தனித்தேர்வர்கள் ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் தேர்வுக்கூடத்தில் அமர்ந்து எழுதினார்கள். நோய்க்கு அஞ்சி எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்ன ஆண்டில், வீட்டிலிருந்து படித்தவர்கள்தான் வெளியே வர வேண்டியிருந்தது. தேர்வு முறையை ஏசிக்கொண்டே வளர்ந்த என் தலைமுறைக்கு, அந்தத் தேர்வு யாருக்கெல்லாம் ஒரே ஆதாரமாக இருந்தது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வெளியானது. ஆண்டுக்கு 1,200 கற்றல் மணிகள், 40 கிரெடிட்டுகள். அதாவது 30 மணிக்கு ஒன்று. பள்ளிப் படிப்பும் இதற்குள் வருகிறது. வகுப்பறை மட்டுமன்றி ஆய்வகம், விளையாட்டு, செயல்திட்டம், இணையவழிப் பாடம் எல்லாம் மணிக்கணக்கில் சேரும் என்கிறார்கள். மதிப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024-25 கல்வியாண்டில் 6, 9, 11ஆம் வகுப்புகளில் சோதித்துப் பார்க்க மத்திய வாரியம் பள்ளிகளை அழைத்தது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகப் பிறந்த அலகு, கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இதை வரவேற்பவர்கள் என் நண்பர்களில் பலர். அவர்கள் வாதம் எனக்கும் புரிகிறது. மூன்று மணி நேரத் தாளுக்குப் பதிலாக ஆண்டு முழுவதன் உழைப்பை எண்ணுவது நியாயமே. என் தயக்கம் ஓர் இடத்தில் நிற்கிறது. மணியை யார் எண்ணுவது? தேர்வு முகம் பார்க்காது. விடைத்தாளில் பள்ளியின் பெயர் இருக்காது. மணியோ எவராவது நின்று எண்ணினால்தான் உண்டு. எண்ணுவதற்குப் பள்ளியை மட்டுமே நியமித்தால், பள்ளியில் இல்லாதவரின் 1,200 மணிகள் காற்றில் போகும். திறந்தநிலைப் பள்ளிக்கு அந்த அதிகாரத்தை முழுமையாகத் தந்து, வேறு தளங்களில் முடித்த பாடங்களையும் தேர்வு வைத்து ஏற்றுக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தால் கதை வேறு. இரண்டு பாடங்களை மாற்றிக்கொள்ளும் பழைய விதியை அதற்கு விரித்துக்கொள்ள முடியும் என்பது என் எண்ணம். கல்வியியல் துறை நண்பர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மாலை வரை அமர்ந்து திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்கான இணையப் படிவத்தை நிரப்பினோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், உளவியல் என ஐந்து பாடங்கள் தேர்ந்தெடுத்தாள். கல்லூரி அளவிலான உயிரணுவியலை முடித்தவள், அறிவியலில் உயிரணுவின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் ஒப்படைப்பை எழுதி அனுப்ப வேண்டும். அதைச் சொன்னபோது சிரித்தாள். தேறினால் மதிப்பெண் பட்டியலோடு மாற்றுச் சான்றிதழும் வரும் என்றேன். பள்ளியே இல்லாமல் அந்தச் சான்றிதழ் எப்படி என்று கேட்டாள்.

மூன்று இணையவழிச் சான்றிதழ்களையும் படிவத்தில் பதிவேற்ற இடம் தேடினோம். இல்லை. கோப்பில் திரும்ப வைத்துக்கொண்டாள். வானியலில் அடுத்த பாடம் வரும் வாரம் தொடங்குகிறதாம். அதில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.